கதவு திறந்த பிறகு: காவலர் உழைப்பு, மனநலம், நம் கேள்விகள்



ஆசிரியர் மறைந்த நாளில் ஆண்டுதோறும் இந்த அரங்கில் கூடுகிறோம். கூடும்போதெல்லாம் கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாதாரண உடை. கையில் சின்ன நோட்டு. யார் பேசினார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கோஷம் எழுப்பப்பட்டது என்று எழுதிக்கொண்டிருப்பார். தனிப்பிரிவு காவலர். நம் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பெயரை நாம் கேட்டதில்லை. போன ஆண்டு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "சார், நானும் நம்ம காலனிதான். அந்த அம்பேத்கர் புத்தகம் ஒண்ணு கிடைக்குமா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். புத்தகத்தை வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

இந்த ஆண்டு உரைக்கான பொருள் அங்கேதான் பிறந்தது. காவல் பணி அதைச் செய்கிறவரின் மனத்தை என்ன செய்கிறது என்பதைப் பேச வேண்டும் என்று முடிவு செய்தோம். செயற்குழுவில் இதைச் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. "கொடியன்குளத்தில் நம் வீடுகளை நொறுக்கியவர்கள் யார்? 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்கள் போனதற்கு யார் காரணம்? 2011 செப்டம்பர் 11, பரமக்குடியில் சுட்டவர்கள் யார்? அவர்களுடைய மன அழுத்தத்துக்கா நினைவு உரை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதை ஓரமாக வைத்துவிட்டு நாம் பேசப் போவதில்லை. உரை முழுவதும் அது கூடவே வரும், வர வேண்டும்.

ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஆசிரியர் நடத்திய இரவுப் பள்ளியில் படித்து அரசு வேலைக்குப் போன பிள்ளைகளில் கணிசமானவர்கள் போனது காவல் துறைக்குத்தான். ஓடத் தெரியும், கயிறு ஏறத் தெரியும், பத்தாம் வகுப்பு தேறியாயிற்று, நிலம் கிடையாது, வேறு சிபாரிசு கிடையாது. நம் தெருக்களில் முதல் மாதச் சம்பளம் வந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் வீடு, துப்புரவுப் பணியாளர் வீடு, அடுத்தது போலீஸ்காரர் வீடு. லத்தியின் இரு முனையிலும் நம் கைகள் இருக்கின்றன. இதைப் பேசாமல் இருப்பது நமக்கு வசதியாக இருக்கலாம். நேர்மையாக இருக்காது.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். நவீன காவல் துறை இந்தியாவில் பிறந்த இடங்களில் ஒன்று நம் சென்னை மாகாணம். அதன் பிறப்புச் சான்றிதழே ஒரு சித்திரவதை அறிக்கை. நிலவரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் கம்பெனி ஆட்சியின் கீழ் வருவாய்த் துறைச் சிப்பந்திகள் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1854ல் சென்னையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. 1855ல் அது அறிக்கை கொடுத்தது. விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று வதைகளின் பட்டியலே அதில் உண்டு. 1857ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அந்த அறிக்கையை வைத்து எழுதினார். வரி வசூலையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்ற முடிவு வந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் படையைத் தந்தது. இரண்டே ஆண்டில், 1861ல், இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது.

வதையை ஒழிக்க என்று சொல்லித் தொடங்கிய படை எந்த அச்சில் வார்க்கப்பட்டது? அயர்லாந்துக் காவல் படையின் அச்சில். ஆளப்படுகிற மக்களிடமிருந்து விலக்கி, லைன் வீடுகளில் வைத்து, அணிவகுக்கப் பழக்கி, மேலே வெள்ளை அதிகாரி, கீழே உள்ளூர்ச் சிப்பாய் என்று அடுக்கப்பட்ட படை அது. 1902-03ல் ஃபிரேசர் ஆணையம் மாகாணம் மாகாணமாகப் போய் விசாரித்தது. காவல் துறை திறமையற்றது, ஊழல் மலிந்தது, மக்களை ஒடுக்குவது என்று கடுமையாகவே எழுதியது. ஆனால் அதற்கு மருந்தாக அது சொன்னவற்றில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கான்ஸ்டபிளிடம் யோசிக்கிற வேலையைக் கொடுக்காதே. பாரா நிற்பது, எஸ்கார்ட் போவது, ரோந்து சுற்றுவது போன்ற இயந்திர வேலைகளை மட்டும் மேலதிகாரியின் கண்காணிப்பில் கொடு என்பதுதான் அது. கையையும் காலையும் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு தலையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கழற்றி வைத்த தலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கும் பழக்கம் அந்தத் துறைக்கு வராமல் போனதில் வியப்பில்லை.

அந்தக் காலத்தில் நம் மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இருந்த உறவு இரண்டே இரண்டுதான். ஒன்று, சந்தேகப்படும் ஆள். மற்றொன்று, கேட்பாரற்ற பிணத்தைச் சுமக்கும் வெட்டியான். காவலர் என்றால் யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டும், யார் தோளிலும் கை வைக்க வேண்டும். தீண்டாமை நிலவும் ஊரில் தீண்டப்படாதவரை எப்படிக் காவலராக்குவது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

அந்தக் கதவை லண்டனில் தட்டியவர்கள் இருவர். அண்ணல் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும். 1930 நவம்பரில் தொடங்கி 1931 ஜனவரியில் முடிந்த முதல் வட்டமேசை மாநாட்டில் அவர்கள் கொடுத்த கோரிக்கைகளில் அரசுப் பணிகளில் உரிய பங்கு என்பதும் ஒன்று. பணிகள் குறித்து ஆராய்ந்த துணைக்குழு, தாழ்த்தப்பட்ட மக்கள் விலக்கி வைக்கப்பட்டிருக்கும் எல்லாப் பணிகளையும், குறிப்பாகக் காவல் பணியையும், அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. தனி வாக்காளர் தொகுதி பற்றியே வட்டமேசை மாநாட்டை நாம் நினைவுகூர்கிறோம். இந்தச் சின்னப் பரிந்துரையை யாரும் மேடையில் சொல்வதில்லை. இன்று நம் பிள்ளை ஒருவன் காக்கி போடுகிறான் என்றால் அதற்குள் இந்த வரியும் இருக்கிறது.

கதவு திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதுதான் மீதிக் கதை.

இரவுப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், எண்பதுகளில் கிரேடு டூ காவலராகச் சேர்ந்து சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். இந்த உரைக்காக மூன்று மாலைகள் அவரோடு உட்கார்ந்திருந்தோம். முதல் மாலை முழுக்க அவர் திருடனைப் பிடித்த கதைகளையே சொன்னார். சிரித்துச் சிரித்துச் சொன்னார். இரண்டாம் மாலைதான் பேச்சு மாறியது. ஏ.ஆரில் இருந்தபோது நடந்த ஒரு தேர்த் திருவிழா. தேர் காலனித் தெருவுக்குள் வர வேண்டும் என்று நம் மக்கள் கேட்க, ஊர் மறுக்க, தெருமுனையில் கயிறு கட்டிக் காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அண்ணன். அந்தப் பக்கம், கூட்டத்தின் முன்வரிசையில், அவருடைய பெரியம்மா. அந்த ஊருக்குத்தான் அவரைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"கலைந்து போங்கன்னு மைக்ல சொன்னாங்க. லத்தியைத் தூக்கச் சொன்னாங்க. நான் தூக்கினேன் தம்பி. அடிக்கல, ஆனா தூக்கினேன். பெரியம்மா என்னைப் பார்த்துச்சு. திட்டல. 'சாப்பிட்டியாய்யா'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பெரியம்மா சாவுக்குக்கூட நான் அந்தத் தெருவுக்குள்ள போகல. லீவு கேட்டேன், கெடைக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கேட்கவே இல்ல."

அன்று மாலை அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983ல் ஒரு நூல் எழுதினார். விமானப் பணிப்பெண்ணின் சிரிப்பும் கடன் வசூலிப்பவரின் கடுகடுப்பும் சம்பளத்துக்கு விற்கப்படும் உழைப்புதான் என்றார். உணர்ச்சி உழைப்பு என்று அதற்குப் பெயர். நம் காவலர் இதில் எந்தப் பக்கம்? காலையில் அமைச்சர் காரின் முன் விறைத்து நிற்க வேண்டும். பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரும் ஏழையின் மேல் எரிந்து விழ வேண்டும். மதியம் விபத்தில் சிதைந்த குழந்தையின் உடலுக்குக் காவல் இருக்க வேண்டும். மாலையில் இன்ஸ்பெக்டர் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டும்போது முகத்தில் ஒரு சதை அசையக் கூடாது. ஒரே நாளில் இத்தனை முகங்கள். எந்த முகமும் அவருடையது அல்ல. இரவு வீட்டுக்குப் போகும்போது எது மிஞ்சும்? மனைவி சொல்ல வேண்டும், பிள்ளைகள் சொல்ல வேண்டும். அவர்களை யாரும் கேட்டதில்லை.

நேரக் கணக்கைப் பார்ப்போம். அவசரநிலைக்குப் பிறகு 1977ல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையை 1979 பிப்ரவரியில் கொடுத்தது. அந்த அறிக்கை பெரும்பாலும் கான்ஸ்டபிளைப் பற்றியதுதான். நாளுக்கு 10 மணி முதல் 16 மணி நேரம்வரை, வாரத்தில் ஏழு நாளும் அவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதைப் பதிவு செய்தது. 1902ஆம் ஆண்டின் இயந்திர மனிதன் என்ற கருத்தைக் கைவிட வேண்டும், கான்ஸ்டபிள் சொந்தமாக யோசித்து முடிவெடுக்கும் ஆளாக வளர்க்கப்பட வேண்டும் என்றது. ஆர்டர்லி முறையை ஒழிக்கச் சொன்னது. 35 ஆண்டு கழித்து, 2014ல், காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் வெளியிட்ட ஆய்வு, காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்றது. 73 விழுக்காட்டினருக்கு மாதத்தில் ஒரு வார விடுப்புகூட இல்லை. 2019ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் எடுத்த கணக்கில் சராசரி வேலை நேரம் 14 மணி. வேலைப்பளு உடலையும் மனத்தையும் பாதிக்கிறது என்று நான்கில் மூன்று பேர் சொன்னார்கள்.

இதே நாட்டில்தான் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் 1946ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்றானது. அந்த 48 மணி நேரம் இன்றுவரை ஸ்டேஷன் படியேறவில்லை.

ஆர்டர்லி முறைக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். காவலராகத் தேர்வாகி, பயிற்சி முடித்து, அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கவும் நாயைக் குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் அனுப்பப்படுவது. தமிழ்நாட்டில் இதை ஒழித்து 1979லேயே அரசாணை போட்டாயிற்று. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம், போட்ட அரசாணையை நடைமுறைப்படுத்துங்கள் என்று கண்டிக்க வேண்டியிருந்தது. இடையில் 43 ஆண்டு. நாம் இதை வெறும் நிர்வாகக் கோளாறாகப் பார்க்க முடியாது. தாத்தா பண்ணையார் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளினார். பேரன் அரசுத் தேர்வு எழுதி, அதிகாரி வீட்டு நாயின் கழிவை அள்ளுகிறான். 2019ஆம் ஆண்டின் அதே கணக்கெடுப்பில், மேலதிகாரிகள் வீட்டு வேலை வாங்குகிறார்கள் என்று காவலர்களில் நான்கில் ஒருவர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் பங்கு கூடுதல். அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. தோள்பட்டையில் இருக்கும் நட்சத்திரங்களையும் கோடுகளையும் எண்ணினால் போதும்.

சரி, அநீதி என்றால் தொழிலாளி என்ன செய்வார்? சங்கம் வைப்பார். காவலருக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம் அரசு அனுமதியின்றித் தொழிற்சங்கம் சேர்வதைத் தடுத்தது. இதற்கு அடித்தளம் அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவில் இருக்கிறது. அண்ணல் தலைமையில் வரையப்பட்ட சட்டம்தான் அது, அதையும் நாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1973 மே மாதம் உத்தரப் பிரதேசத்தில் ஆயுதக் காவலர்கள் கலகம் செய்தார்கள். ராணுவத்தை இறக்கி அடக்கினார்கள். மாநில முதல்வர் பதவி விலக நேர்ந்தது. 1979 மே மாதம் பஞ்சாபில் தொடங்கிய காவலர் போராட்டம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. தமிழ்நாட்டிலும் காவலர்கள் சங்க உரிமை கேட்டுக் கிளம்பினார்கள், ஒடுக்கப்பட்டார்கள். பக்கத்துக் கேரளத்தில் காவலர் சங்கம் வேரூன்றி நிற்கிறது. இங்கே கோரிக்கை வைக்க வேண்டுமானால் மனைவிகள்தான் மறியலுக்கு வர வேண்டும். அண்ணன் சொன்னார்: "எங்களுக்குச் சங்கம் கெடையாது. மெமோதான் உண்டு. த்ரீ பி போட்டான்னா இங்க்ரிமெண்ட் போச்சு, ப்ரமோஷன் போச்சு. வாயைத் திறப்பானா ஒருத்தன்?"

வாய் பூட்டப்பட்ட இடத்தில் மனம் எங்கே போகும் என்பதை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் சொல்கின்றன. ஒரு பத்தி அகலத்தில் செய்தி. காவலர் தற்கொலை. கடைசி வரியில் காரணம்: குடும்பத் தகராறு, கடன் தொல்லை, தீராத வயிற்று வலி. விசாரிப்பது அதே துறை, காரணத்தை எழுதுவதும் அதே துறை. வீட்டுக்கே போகாதவனுக்குக் குடும்பத் தகராறு வருவதற்கு யார் காரணம் என்ற கேள்வியை எந்தக் கோப்பும் கேட்காது. 2023 ஜூலையில் கோவையில் டி.ஐ.ஜி. ஒருவர் இப்படி இறந்தபோது தொலைக்காட்சிகள் ஒரு வாரம் காவலர் மன அழுத்தத்தைப் பேசின. பேசியது நல்லதுதான். கான்ஸ்டபிளின் சாவுக்கு அந்த ஒரு வாரம் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897ல் தற்கொலை பற்றி எழுதிய நூலில், மூச்சுவிட இடமில்லாமல் நெறிக்கப்பட்ட வாழ்க்கையிலிருந்து வரும் தற்கொலை என்று ஒரு வகையைச் சொல்லி, அடிமைகளை அதற்கு உதாரணம் காட்டினார். எங்கே சொன்னார் தெரியுமா? ஓர் அடிக்குறிப்பில். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது நமக்கு அது பெரிதாகப் படவில்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வருகிறார்கள்.

இப்போது செயற்குழுத் தோழரின் கேள்விக்குத் திரும்புகிறோம். அடித்தவனுக்கும் வலிக்கிறது என்று சொன்னால், அடிபட்டவனின் வலி பாதியாகிவிடுமா?

மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன் 1953 முதல் 1956வரை அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். 1961ல் வெளிவந்த தம் கடைசி நூலில் சில நோயாளிகளைப் பற்றிக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர் கைதிகளை வதைத்து விசாரித்த பிரெஞ்சுக் காவலர். இரவில் அலறல் கேட்கிறது என்று ஜன்னல்களை அடைப்பார், காதில் பஞ்சு வைப்பார், பாட்டுப் போடுவார். அலறல் நிற்காது. ஒருநாள் மருத்துவமனைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர் அங்கே சிகிச்சையிலிருந்த அல்ஜீரியர் ஒருவரைக் கண்டு வியர்த்து, நடுங்கி, மரத்தில் சாய்ந்துவிட்டார். தம் கையால் வதைபட்ட ஆள். ஃபனோன் காவலருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு அந்த அல்ஜீரியரைத் தேடினால் ஆளைக் காணோம். கழிவறையில் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலரை அடையாளம் கண்டுவிட்டார். தன்னைத் திரும்பப் பிடித்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். காவலர் தேறி, மருத்துவக் காரணம் காட்டி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். இவரைத் தேற்றத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

அதே நூலில் இன்னொரு காவல் அதிகாரி வருகிறார். வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கிவிட்டவர். அவர் மருத்துவரிடம் கேட்டது வேலையை விடுவதற்கான வழியை அல்ல. மன உறுத்தல் இல்லாமல், நிதானமாக, வதைக்கும் வேலையைத் தொடர உதவி செய்யுங்கள் என்று கேட்டார்.

காவலர் மனநலம் பற்றிய எந்தத் திட்டத்தையும் இந்த இரண்டு ஆட்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் பார்க்க வேண்டும். 2018ல் தமிழ்நாடு காவல் துறை பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. பிறகு சென்னையில் மகிழ்ச்சி என்றொரு திட்டம் வந்தது. 2021ல் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர்வரை வார விடுப்புக்கு அரசாணை வந்தது. எதையும் நாம் குறை சொல்லவில்லை. குடிநோயிலிருந்து மீள ஒருவருக்கு உதவினாலும் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான். ஆனால் நம் கேள்வி வேறு. மனம் உடைந்தவரைத் தேற்றுவது, உடைத்த வேலையை மாற்றுவதற்காகவா, அல்லது ஃபனோனிடம் வந்த அதிகாரியைப் போல, உறுத்தல் இல்லாமல் அதே வேலையைத் தொடர்வதற்காகவா? லாக்கப் அடி நிற்காமல், ஆர்டர்லி நிற்காமல், வாரத்தில் ஒரு மணி நேரம் மூச்சுப் பயிற்சி கொடுத்தால் யாருடைய மனம் ஆறும்?

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல் துறையினர் 84 பேர். இந்த 84 பேரும் பிறவியிலேயே அரக்கர்களா? இல்லை என்பதுதான் நம்மைக் கலங்கடிக்கிறது. அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பார்கள். 19 ஆண்டுகள் பெண் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு, கல்யாணம் செய்து கொடுத்திருப்பார்கள். உத்தரவு என்ற ஒற்றைச் சொல்லால் அத்தனையையும் மூடி வைக்கப் பழக்கிய ஓர் அமைப்பை நாம் கூண்டில் ஏற்ற வேண்டும். தனி ஆளின் குற்றமும் அதோடு சேர்ந்தே நிற்கும். யாருக்கும் தள்ளுபடி இல்லை.

உத்தரவை மீற முடியும் என்றும் நமக்குத் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் வதைபட்டு இறந்த வழக்கில், அந்த இரவு ஸ்டேஷனில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். வெளியே சக காவலர்கள். சொல்லும்போது அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பதை நடுவரின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காவலருக்கே காவல் போட வேண்டியிருந்தது, அதுவும் காவலர்களிடமிருந்து. மனநலம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நாம் அந்தச் சாட்சியத்தைச் சொல்வோம். அந்தப் பெண் இரவில் தூங்கினாரா, பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்ப முடிந்ததா என்பதெல்லாம் எந்தத் திட்டத்தின் பட்டியலில் வரும் என்று தெரியவில்லை.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா. நம் வீட்டிலிருந்து குரூப் ஒன் தேர்வெழுதிப் போன 27 வயதுப் பெண். 2015 ஜூனில் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று திருச்செங்கோட்டில் தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். உயரதிகாரிகளின் நெருக்கடி பற்றி அவருடைய தோழியான இன்னொரு டி.எஸ்.பி. வெளிப்படையாகப் பேசினார். உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஒரு சாவின் காரணத்தை மேடையிலிருந்து தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை. கோகுல்ராஜ் வழக்கில் 2022ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தத் தீர்ப்பு நாளில் இனிப்பு வழங்கினோம். விஷ்ணுபிரியாவை அன்று எத்தனை பேர் நினைத்தோம்?

நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. அவர் இறந்தபோது தெருவுக்கு வந்தோம், சி.பி.ஐ. விசாரணை கேட்டோம், சரி. அவர் உயிரோடு இருந்தபோது? சாதிக் கட்சிகளின் மிரட்டலுக்கும் மேலதிகாரிகளின் தொலைபேசிக்கும் நடுவில் ஒரு தலித் பெண் அதிகாரி தனியாக நின்றுகொண்டிருந்தபோது, "எப்படிம்மா இருக்கே" என்று கேட்க நம்மில் யார் இருந்தோம்? காக்கி போட்டதுமே அவர்களை எதிர்த் தரப்பில் எழுதிவிடுகிறோம். காலனிக்கு வந்தால் "போலீஸ்காரன் வந்துட்டான்" என்று பேச்சை நிறுத்துகிறோம். லைன் வீட்டிலோ சாதி தெரிந்ததும் பக்கத்து வீட்டார் பேச்சை நிறுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் பேச்சு நின்ற ஒருவர் யாரிடம் பேசுவார்?

இளைய தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. சமூகவியல், வரலாறு, சமூகப்பணி படிக்கிறவர்கள் நம் மாவட்டத்திலேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற காவலர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்க வேண்டும். பணியில் இருப்பவர் பேச மாட்டார், பேசவும் கூடாது, த்ரீ பி வரும். ஓய்வு பெற்றவர் பேசுவார். அவர் வாங்கிய அடியும் அதில் வரட்டும், அவர் கொடுத்த அடியும் அதில் வரட்டும். இரண்டாவதைச் சொல்ல மறுப்பவரின் முதலாவதை மட்டும் நாம் பதிப்பிக்கப் போவதில்லை. அவர்களுடைய மனைவிமாரிடமும் தனியாகப் போய்ப் பேசுங்கள். பெண் தோழர்கள் போவது நல்லது. 1973ல் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பெண்களைக் காவல் பணியில் சேர்த்தார்கள். அந்தத் தலைமுறைப் பெண்களில் நம் வீட்டவர் யாரேனும் இருந்தால் அவர்களையும் தேடிப் பிடியுங்கள். கழிப்பறை இல்லாத சாலையோரத்தில் தண்ணீர் குடிக்காமல் பந்தோபஸ்து நின்ற கதையை அவர்கள்தான் சொல்ல முடியும்.

முதல் பதிவை நாங்கள் எடுத்துவிட்டோம். மூன்றாம் மாலை அண்ணன் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். பணியில் சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு பொங்கலுக்கும் எந்த ஊரில் டூட்டி என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். தேர்த் திருவிழாவும் இருக்கிறது. ஊர்ப் பெயர், தேதி, கூடவே எஸ்கார்ட் வண்டியின் எண். அதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருந்தது. என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். படிக்க முடியவில்லை என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் ஊருக்குப் போகலாமா, கூட வருகிறீர்களா என்று கேட்டார். போகிறோம்.